டேங்க் மேல் இல்லாத பை

குஷாய்குடாவிலிருந்து தெற்கே பைக்கில் கிளம்புகிறவருக்கு ஹைதராபாத்தைத் தாண்டுவதே பாதிப் பயணம். 158 கி.மீ. நீளமுள்ள வெளிவட்டச் சாலையின் பிரதானப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நாச்சாரம், உப்பல், எல்.பி. நகர், ஆராம்கர் என்று நெரிசலில் நுழைந்து வெளியேறி, சம்ஷாபாத்தும் கடந்த பிறகுதான் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விரிகிறது. அங்கிருந்து வண்டி பறக்கும். சுங்கச்சாவடியிலும் பைக்குக்குக் கட்டணம் இல்லை. ஓரமாகப் புகுந்து போய்விடலாம்.

குஷாய்குடாவில் இ.சி.ஐ.எல். பக்கம் வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் இந்தச் சாலையில் தனியாகவே ஊருக்குப் போய்வருவார். நீண்ட ஓட்டத்தில் தூக்கம்தான் எதிரி என்று நினைத்து அதற்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்துகொள்வார். மறதி அவரைப் பிடித்தது ஓட்டத்தில் அல்ல, நின்ற இடத்தில்.

பெப்பேர் அருகே ஒரு பெட்ரோல் பங்க். டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டியிருக்கும் பையை எடுத்தால்தான் மூடியைத் திறக்க முடியும். பையைப் பம்ப் மேடையின் சிமென்ட் விளிம்பில் வைத்தார். பெட்ரோல் நிறைந்தது, மூடியை அழுத்தினார், போனில் பணம் அனுப்பினார், கிளம்பினார். பீச்சுபள்ளியில் கிருஷ்ணா பாலத்தின்மேல் ஆற்றைப் பார்க்க வேகத்தைக் குறைத்தபோதுதான் கண் கீழே போனது. டேங்க் வெறுமையாகப் பளபளத்தது. ஆர்.சி., லைசென்ஸ், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் அந்தப் பைக்குள்.

இதை வெறும் கவனக்குறைவு என்று தள்ளுவது நியாயமில்லை. வந்த காரியம் முடிந்ததும் அதன் வாலாக மிஞ்சும் சின்ன வேலையை மனம் விட்டுவிடுகிறது. ஜெராக்ஸ் கடையில் நகலோடு வந்துவிடுகிறோம், அசல் மெஷின் மூடிக்கடியில் கிடக்கிறது. மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் இந்த வகைப் பிழையை ஆராய்ந்து எழுதினார்கள். நினைவின் சுமை கூடும்போது இப்பிழையும் கூடுகிறது என்றார்கள். பல நாடுகளில் ஏடிஎம் இயந்திரங்கள் முதலில் கார்டைத் திருப்பித் தந்து, பிறகே பணத்தை நீட்டுவதும் இதற்காகத்தான்: பணம் கைக்கு வந்துவிட்டால் கார்டை யார் நினைக்கிறார்கள்?

பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் "எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டிருப்பார். தனிப் பயணத்தில் அந்தக் குரல்தான் இல்லை. ரயில்வேக்காரர்கள் இதை எப்போதோ உணர்ந்தவர்கள். ஜப்பானில் ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்லியே வண்டியை நகர்த்துகிறார். நம் ஊர் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் சிக்னலைக் கூவிச் சொல்லிக்கொள்கிறார்கள். ரயில் ஓட்டுகிறவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். மற்றவர்களுக்கு ஏன் ஆகக்கூடாது?

நடுத்தடுப்பில் திறப்பு வரும்வரை போய், வண்டியைத் திருப்பி அவர் பங்கை அடைந்தபோது பை ஆபீஸ் அறையில் இருந்தது. பம்ப்பில் நின்ற பையன் கை காட்டிக் கூப்பிட்டானாம். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்கவில்லை. ஜிப்பைக்கூடத் திறக்காமல் எடுத்து வைத்திருந்தான். அவர் நீட்டிய பணத்தையும் வாங்க மறுத்துவிட்டான். முகமறியாத ஒருவரின் பொருளை இப்படிக் காத்துத் தருகிறவர்களை நம்பித்தான் நெடுஞ்சாலையில் தனியாகப் போக முடிகிறது.

துங்கபத்திரையைக் கடந்து, கர்னூலும் தாண்டி, அடுத்த பங்கில் அவர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். சாவியால் டேங்க் மூடியைத் திறந்ததும் அந்தச் சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அவர் வண்டியில் மூடியை அழுத்தி மூடச் சாவி வேண்டாம். வண்டியைக் கிளப்பப் பையை எடுத்தே ஆக வேண்டும்.