வயிறு வெளுக்கும் நேரம்

தொட்டியில் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆண் கடல்குதிரையின் வயிற்றுப்பை வெளுக்க ஆரம்பிக்கும். பிறகு உப்பும். உடம்பை முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிப் பைக்குள் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி முகத்தை மார்போடு ஒட்டவைத்து, முதுகுத் துடுப்பு படபடக்கப் பெண்ணின் பக்கம் நகரும். முதல்முறை பார்க்கிறவர்கள் இதற்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் பதறுவார்கள். நோய் ஒன்றுமில்லை. முட்டைக்கு என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது என்று பெண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

மெல்பர்னில் எங்கள் வீட்டில் இருப்பது பெருவயிற்றுக் கடல்குதிரை. இந்தத் தென்கடலுக்கே உரிய இனம். 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். கடலில் இருப்பதைப் பிடித்துவர இங்கே சட்டம் விடாது. பண்ணையில் பிறந்ததைத்தான் வாங்கலாம். அது எனக்கு நிம்மதி. ஊரில் நான் பார்த்ததெல்லாம் வேறு.

தொண்டிக் கரையில் கருவாடு காயும் களத்தில், ஓரமாக ஒரு சாக்கில் கடல்குதிரைகள் தனியாகக் கிடக்கும். விரல் நீளம். வால் சுருண்டபடியே விறைத்து, சுள்ளி மாதிரி ஒன்றோடொன்று உரசும். விசைப்படகின் மடிவலையில் கழிசலோடு வந்தவை, தாழை என்கிற கடல்புல்லுக்குள் முங்கி எடுத்தவை, எல்லாம் அந்தச் சாக்குக்குத்தான். வியாபாரி வந்து எடை போட்டு வாங்கிப் போவார். சீன வைத்தியத்துக்குச் சிங்கப்பூர், ஹாங்காங் என்று போகும். "இது உசுரோட எப்படிப் போகும் பெரியப்பா?" என்று ஒருநாள் என் பெரியப்பாவிடம் கேட்டேன். "எங்க போகும்? தாழையப் புடிச்சிக்கிட்டு நிக்கும் ஆத்தா" என்றார். வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தவர். அவர் கைக்கு வந்ததெல்லாம் செத்தது, சாகப்போவது. அது உயிரோடு நகர்ந்து அவர் எங்கே பார்த்தார்? 2001இல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல்குதிரையைச் சேர்த்தார்கள். பிடிப்பது, விற்பது எல்லாம் குற்றமாயிற்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரும் இதை வீட்டில் வளர்க்க முடியாது. வளர்க்கவும் கூடாது என்பதே என் எண்ணம்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. நாளின் பெரும்பகுதி அது பிடித்துக்கொண்டு நிற்கத்தான் செய்கிறது. நாய் அசையாமல் கிடந்தால் கவலைப்படலாம். கடல்குதிரை அசையாமல் நின்றால் நலமாக இருக்கிறது என்று பொருள். ஒரு கண் முன்னே பார்க்கும், இன்னொன்று பின்னால் சுழலும். அந்தக் கண்ணைத்தான் நான் பார்ப்பேன். உடம்பு நின்று கண் அலைந்தால் சரி. கண்ணும் நின்றுவிட்டால் தண்ணீரைச் சோதிக்க எழுந்துவிடுவேன்.

இரவில் சத்தமும் போடும். வீடு அடங்கிய பிறகு தொட்டியிலிருந்து 'டக்' என்று ஒன்று கேட்கும். தலை எலும்பும் உச்சியிலுள்ள மகுடம் போன்ற எலும்பும் உரசி வருகிற ஒலி. இரையை உறிஞ்சும்போது வரும், இணை தேடும்போதும் வரும். பிரேசில் பக்கத்து நீள்மூக்குக் கடல்குதிரைகளைக் கையில் பிடித்தபோது அவை உறுமியதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்தபின் அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது. இரைச்சலான விசைப்படகில் அந்த உறுமல் யார் காதில் விழுந்திருக்கும்?

அந்த 'டக்'கைக் காதில் வாங்கிப் பழகினால் பல விஷயம் தெரியவரும். கடல்குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. தின்றது நிற்காமல் குடலோடு ஓடிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை உணவு வேண்டும். உறைந்த மைசிஸ் இறாலை இளக்கிப் போடுவேன். இறாலைக் கண்ணால் தொடர்ந்து, மூக்கை நீட்டி, சரியாகக் குறிவைத்து, ஆனால் சத்தம் வராமல் இறால் அப்படியே மிதந்து போனால் அது பசியில்லாமை அன்று. தின்ன ஆசை இருக்கிறது, உறிஞ்ச முடியவில்லை. மூக்குக் குழாயிலோ தாடையிலோ புண்ணோ கிருமியோ இருக்கலாம். தின்னவில்லை என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? குறிவைக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் வழி பிறக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு அறிகுறி, வால் மேலே போவது. ஒரு கோடைக்காலத்தில் ஆண் வாலால் எதையும் பற்ற முடியாமல் கீழே இறங்கப் பார்ப்பதும் மேலே தூக்கப்படுவதுமாக இருந்தது. பை உப்பித்தான் இருந்தது, வெளுக்கவில்லை. பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் உப்புவது தண்ணீரால், இது காற்றால். மருத்துவர் மெல்லிய குழாயைப் பையின் வாய்க்குள் விட்டுக் காற்றை வெளியேற்றினார். குமிழ் குமிழாக வந்தது. சற்று நேரத்தில் வால் இறங்கி என் விரலைச் சுற்றிக்கொண்டது. அந்தப் பிடியின் பலம் இன்னும் விரலில் இருக்கிறது. இரண்டு உப்பலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. தினமும் பார்த்த கண்ணுக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். 'சுலபமாக வளர்க்கலாம்' என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மெல்பர்ன் நாட்களில் தண்ணீரை 18 டிகிரியில் வைக்கக் குளிரூட்டும் சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் முதலில் நான் ஓடுவது தொட்டிக்குத்தான். சூடேறினால் மூச்சு வேகமாகும், கிருமியும் பெருகும்.

ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது ஏங்கியே செத்துவிடும் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். சிட்னிக் கடலில் உள்ள ஒரு சிறிய இனத்தைக் கடல்குதிரை ஆய்வாளர் அமண்டா வின்சென்ட் நீருக்கடியில் தொடர்ந்து கவனித்தார். அவை உண்மையிலேயே ஒரே துணையோடு இருந்து காலைதோறும் சந்தித்துக்கொள்கின்றன. என் வீட்டு இனம் அப்படியன்று, கூட்டமாக வாழ்வது, துணையை மாற்றிக்கொள்வது. ஒன்று போனபின் மற்றது சுருண்டு கிடந்தால் ஏக்கம் என்று விட்டுவிடாமல் அதே நோய் இதற்கும் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏக்கம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால் காப்பாற்றக்கூடியதும் போய்விடும்.

இப்போது ஆண் சினையாக இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதம் சுமக்கும். நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, பிடித்த இடத்தை விட்டு விட்டு வேறிடம் பிடிக்கிறது, இறாலைப் பார்த்தும் பார்க்காதது போல் இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் எல்லாமே ஆபத்தின் அறிகுறி. இன்று அப்படியில்லை, உடம்பை மடக்கி மடக்கிக் குஞ்சுகளை வெளியே தள்ளத் தயாராகிறது. ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில் வரும். பிறந்தவுடனே தின்னக் கேட்கும் என்பதால், ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு இறாலின் முட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை இப்போதே திறந்துவிட வேண்டும். பொரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.