முன்வாசல் வழியாக

செத்துப்போனவர்களுக்காக ஜெபம் பண்ண மாட்டேன் என்று எந்தப் போதகராவது சொல்வாரா? 1973-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒருவர் அல்ல, பலர் சொன்னார்கள்.

அந்த ஊரின் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் பகுதியில், ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் 'அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச்' என்று ஒரு பார் இருந்தது. தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள் பயமில்லாமல் கூடிப் பாடிச் சிரிக்கிற இடம். ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாரோ படிக்கட்டில் லைட்டர் திரவத்தை ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல்களில் கம்பி. பார்டெண்டர் சுமார் இருபது பேரைப் பின்பக்கமாகக் கூரைக்கு அழைத்துப்போய்க் காப்பாற்றினார். 32 பேர் இறந்துபோனார்கள். இதற்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

குடிக்கப் போன இடத்தில் நடந்ததற்கும் தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. இறந்தவர்களில் பலர் அன்று ஆராதனை முடித்துவிட்டு வந்த விசுவாசிகள்!

டிராய் பெர்ரி என்ற பெந்தெகொஸ்தே போதகரை, அவர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதால் சபை வெளியே தள்ளியது. அவர் 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் தன் வீட்டிலேயே 12 பேரோடு ஒரு சபையைத் தொடங்கினார். அதுதான் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச். அதன் நியூ ஆர்லியன்ஸ் கிளையின் போதகர் பில் லார்சன், ஜன்னல் கம்பியில் சிக்கி அங்கேயே எரிந்து இறந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி அவர் உடல் மணிக்கணக்கில் அப்படியே விடப்பட்டது. துணைப் போதகர் தப்பித்து வெளியே வந்துவிட்டார். ஆனால் தன் துணைவர் உள்ளேயே இருப்பது தெரிந்ததும் திரும்பி ஓடினார். இருவர் உடலும் ஒன்றாகக் கிடைத்தன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் தீயை விடக் கொடுமை. அஞ்சலிக் கூட்டம் நடத்த இடம் கேட்டுப் போனால் ஒவ்வொரு தேவாலயமாகக் கதவைச் சாத்தியது. சில குடும்பங்கள் உடலை வாங்கிக்கொள்ளவே வரவில்லை. வெட்கமாம்.

செயின்ட் ஜார்ஜ் எபிஸ்கோபல் ஆலயத்தின் பாதிரியார் வில்லியம் ரிச்சர்ட்சன் மட்டும் மறுநாளே ஒரு சிறிய ஜெபக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு வந்தது வசைக் கடிதங்களும் மேலிடத்துக் கண்டிப்பும்தான். ஜூலை 1 அன்று செயின்ட் மார்க்ஸ் மெத்தடிஸ்ட் ஆலயம் கதவைத் திறந்தது. மெத்தடிஸ்ட் பிஷப்பே வந்து உட்கார்ந்தார். பெர்ரியும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்திருந்தார்.

கூட்டம் முடிகிற நேரத்தில், வெளியே டி.வி. கேமராக்கள் காத்திருக்கின்றன என்று செய்தி வந்தது. கேமராவில் முகம் தெரிந்தால் பலருக்கு வேலை போகும், வீடு போகும், சிலருக்கு மனைவி மக்களே போகலாம். வேண்டுமானால் வேறு வாசல் வழியாகப் போய்விடலாம் என்று பெர்ரி அறிவித்தார். ஒருவர் கூட அந்த வழியாகப் போகவில்லை, எல்லோரும் முன்வாசல் வழியாகவே நடந்தார்கள் என்பது அவர் பிற்காலத்தில் சொன்னது.

2003-ல் அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் நடைபாதையில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 2013-ல், கத்தோலிக்கப் பேராயர் கிரகரி அய்மண்ட் வாய் திறந்தார். அன்று நாங்கள் ஆறுதல் சொல்லாமல் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன் என்ற பொருளில் பேசினார். நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்த 'இருந்திருந்தால்' கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. 2022-ல் நகர மன்றம் எந்த 'இருந்தாலும்' இல்லாமல் மன்னிப்புக் கேட்டது.

இறந்தவர்களில் நான்கு பேரை, கேட்க ஆளில்லாதவர்களைப் புதைக்கிற இடுகாட்டில் பெயர்ப்பலகை கூட இல்லாமல் புதைத்தார்கள். அதில் ஒருவர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய வீரர். அவர் எப்படிப் போனார் என்பது அவர் குடும்பத்துக்குத் தெரிய வந்தது 2015-ல். அவர்கள் இடுகாட்டைத் தேடிப் போனபோது, எந்தக் குழி என்று காட்ட யாராலும் முடியவில்லை.