எஞ்சிய துளி மருந்து

வைத்தியர் தந்த மருந்தில் எஞ்சியதை எறிந்துவிட எம்மவர்க்கு இலேசில் மனம் வருவதில்லை. இருமற் பாணியாயினும் பூசுங் களிம்பாயினும், 'பின்னொரு நாளைக்கு உதவும்' என்று அலுமாரியின் ஒரு மூலையில் அதற்கு இடங் கிடைத்துவிடுகிறது. இச்சிக்கனத்தைப் பழிக்க நாம் முன்வரவில்லை. ஆயின், கண்ணுக்கு விடும் ஸ்டீரொயிட் துளி மருந்தின் விஷயத்தில் இவ்வழக்கம் பெருங்கேட்டைத் தரவல்லது என்பதைச் சென்ற ஆண்டு அண்மையிலிருந்து அறிந்துகொண்டோம்.

எமது தமக்கையாரின் இடக் கண் திடீரெனச் சிவந்தது. பீளை இல்லை, அரிப்பும் இல்லை. கருவிழியைச் சுற்றி வளையமிட்டாற்போன்ற சிவப்பு, வெளிச்சத்தை நோக்கவொண்ணாத நோவு, பார்வையிலே புகைமூட்டம். கண்ணுக்கு நிறத்தைத் தரும் கதிராளி என்னும் பகுதியில் அழற்சி கண்டிருப்பதாகக் கண் வைத்திய நிபுணர் கூறினார். இதனை அடக்காது விட்டால் கதிராளி பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும், வட்டமான கண்மணி கோணலாகும், பார்வையுங் குன்றக்கூடும். ஆதலின், கண்மணியை விரிக்குந் துளி ஒன்றும், பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட் துளி ஒன்றும் தந்தார். விழித்திருக்கும் வேளையெல்லாம் மணிக்கொரு துளி. பின்னர் வாரத்துக்கு வாரம் குறைத்தல் வேண்டும்.

இம்மருந்தின் குலம் பெரியது. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்மணி கோர்ட்டிசோன் ஏற்றப்பட்ட சில நாட்களில் எழுந்து நடந்தார். அவ்வாராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், றைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950இல் நோபெல் பரிசு பெற்றனர். கண் வைத்தியரும் அதனை விரைவிற் கைக்கொண்டனர். அழற்சி எங்கிருந்தாலும் அடக்குவது அதன் வல்லமை. எதனால் வந்த அழற்சி என்று அது கேட்பதில்லை என்பதுதான் தொல்லை.

வீட்டிலே துளி விடும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அம்மருந்து பால்போன்ற கலங்கல். அசையாதிருந்தால் அடியிற் படிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் போத்தலை நன்றாகக் குலுக்கினோம். துளி விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தோம். மருந்து தொண்டைக்கு வடிந்து போகாதிருக்க இது உதவும். அடுத்த துளிக்கு ஐந்து நிமிட இடைவெளி. கலண்டரிற் கோடிட்டுக் கணக்கு வைத்தோம்.

நான்காம் நாளே நோவு அகன்றது. "இனியும் ஏன் விடவேணும்? கண் சுகமாயிட்டுதே" என்றார் அக்கா. சட்டென நிறுத்தினால் அடங்கிய அழற்சி மீண்டும் மூளுமென்று வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தமையால் நாம் இணங்கவில்லை.

மூன்றாம் வாரப் பரிசோதனையிலே காத்திருந்தது வேறொன்று. முதல்நாள் 14 ஆக இருந்த கண்ணின் உள்ளழுத்தம் 29க்கு ஏறியிருந்தது. இரச மில்லிமீற்றரில் 10 முதல் 21 வரையே வழமையான அளவு. அக்காவோ நம்ப மறுத்தார். கண் வெண்மையாயிருந்தது, நோவில்லை, எழுத்தெல்லாந் தெளிவாய்த் தெரிந்தது. ஸ்டீரொயிட் துளியைச் சில வாரங்கள் விடுவோரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு அழுத்தம் ஓரளவு உயரும். நூற்றுக்கு ஐவர்க்கு மிகவும் உயரும். அளந்தாலன்றி அது தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பார்வை நரம்பு நலியும்; நலிந்த நரம்பு மீள்வதில்லை. வைத்தியர் அப்போதும் மருந்தை நிறுத்தினாரல்லர். அழுத்தத்தை அவ்வளவு ஏற்றாத வேறொரு ஸ்டீரொயிட் துளிக்கு மாற்றி, அழுத்தங் குறைக்குந் துளியொன்றையுஞ் சேர்த்தார். அடுத்த தடவை 17 என்று கண்டபோதே எமக்கு மூச்சு வந்தது.

பழைய போத்தலிற் பாதி எஞ்சியிருந்தது. அதனைக் கேட்டே அயல்வீட்டு மாமி வந்தார். அறுவடையின்போது வைக்கோல் அடித்து அவர் மகனின் கண் சிவந்திருந்தது. "அக்காவின்ர கண்ணை நாலு நாளில சுகமாக்கின மருந்தெல்லே, பிள்ளை? தாவன்" என்றார். நாம் கொடுக்கவில்லை. பயிர்பச்சை பட்ட காயத்திற் பூஞ்சணம் புகுவதுண்டு. ஹேர்ப்பீஸ் வைரசுங் கண்ணைச் சிவக்கச் செய்வதுண்டு. இவற்றில் ஸ்டீரொயிட் துளி சிவப்பைத் தணித்துக்காட்டும். உள்ளே கிருமி தடையின்றிப் பரவும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேசாமற் போனார். ஒரு மாதமாய் எங்கள் படலை தாண்டி வரவில்லை. மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும், புண்ணிற் பூஞ்சணம் கண்டதும், சிறு தழும்போடு கண் தப்பியதும் பிறர் வாயிலாகவே எமக்குத் தெரிந்தன.

அப்போத்தலை அன்று மாலையே எறிந்தோம். திறந்து நான்கு வாரமான துளி மருந்து எதுவாயினும் வைத்திருக்கத் தகாதது என்பது வேறு.

தாய்மாருக்கு ஒன்று. ஒவ்வாமையால் ஆண்டுதோறுங் கண் அரித்துக் கசக்கும் பிள்ளைகளுக்கு, முன்பொருகால் வைத்தியர் எழுதிய சிட்டையைக் கொண்டே மருந்துக் கடையில் இத்துளியை மாதக்கணக்கில் வாங்கி விடுவோர் உளர். அரிப்பு நிற்கும், பிள்ளையும் விளையாடப் போய்விடும். அழுத்தம் ஏறுவது சிறுவரிடத்தும் உண்டு; கண்ணின் வில்லையிற் புரை படர்வதும் உண்டு. போத்தலில் டெக்சமெதசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெதசோன் என்ற பெயர்களுள் ஒன்றிருப்பின், அடுத்த போத்தலை வாங்குமுன் பிள்ளையின் கண்ணழுத்தத்தை அளப்பித்துவிடுங்கள்.