ஓடும் வீடும் இழுபடும் வீடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கோடை விடுமுறை வந்ததும் மக்கள் பலர் குடும்பத்தோடு வீட்டையும் உடன்கொண்டு மலைகளையும் ஏரிகளையும் நாடிப் புறப்படுகின்றனர். அவ்வீடு இருவகைப்படும். எஞ்சினும் படுக்கையும் அடுக்களையும் ஒரே வண்டியில் அமைந்தது மோட்டார் ஹோம். எஞ்சினின்றித் தனியே செய்யப்பட்டு, காரின் பின்னே கொளுவி இழுக்கப்படுவது ட்ரெயிலர். வொலி பையம் என்பார் 1930களில் உருவாக்கிய ஏர்ஸ்ட்ரீம் ட்ரெயிலர்கள் வெள்ளியென மின்னும் அலுமினிய உடலோடு வீதிகளில் வலம்வந்தன. அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966 இல் மோட்டார் ஹோம்களைச் செய்யத் தொடங்கியது. இவ்விரண்டில் எதனைத் தெரிவது என்னும் வினா இன்றும் பல குடும்பங்களில் எழுவதுண்டு. கனடாவில் வாழும் உறவினரோடு மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தபோது, அவ்வினாவுக்கான விடையை அம்மலைகளிடையே கண்டோம்.

1910 இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா கனடிய எல்லையை ஒட்டியுள்ளது. ஏறக்குறைய 50 மைல் நீளமான வீதியொன்று இதனைக் குறுக்கறுத்துச் செல்கின்றது. சூரியனை நோக்கிச் செல்லும் வீதி என்பது அதன் பெயரின் பொருள். 1933 இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வீதி, ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் ஆழ்ந்த பள்ளமுமாக வளைந்தேறி, 6,646 அடி உயரத்திலுள்ள லோகன் கணவாயை அடைகின்றது. அக்கணவாயின் மேற்கே வீழும் மழைநீர் பசுபிக் சமுத்திரத்தையும், கிழக்கே வீழும் நீர் ஹட்சன் குடாவையும் சென்று சேரும். இரு கடல்களுக்குரிய நீர் பிரியும் இடத்தில் நிற்பது யாவர்க்கும் வியப்பளிப்பதன்றோ!

உறவினர் குடும்பத்திலே எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரும் சிறுவர் இருவரும் இருந்தனர். அக்கணவாயைத் தம் கண்ணாற் காணவேண்டும் என்பதே மூதாட்டியின் ஆவல். மோட்டார் ஹோமையே வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றார் அவருடைய மகன். "அம்மாவுக்குக் களைப்பு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி உடனே படுக்க வைக்கலாம், மழையில் இறங்கவும் வேண்டியதில்லை" என்பது அவர் வாதம். மருமகளோ, "இருந்த இடத்திலேயே நான்கு நாள் தங்கப் போகிறோம், கடைக்குப் போவதென்றாலும் முழு வீட்டையுமா கிளப்புவது?" என்று வினவினார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது.

வழக்கைத் தீர்த்தது வீதியின் விதி. லோகன் கணவாய்க்கு ஏறும் பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட நீளமோ 8 அடிக்கு மேற்பட்ட அகலமோ உடைய வாகனங்கள் செல்லலாகாது. காரும் ட்ரெயிலரும் சேர்ந்த நீளத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஆயின், ட்ரெயிலரை முகாமில் கழற்றிவிட்டால் கார் தடையின்றி மேலே செல்லும். அவர்கள் எண்ணியிருந்த மோட்டார் ஹோமோ 28 அடி நீளமானது. எனவே ட்ரெயிலரே தெரிவாயிற்று. நம் முன்னோர் திருவிழாக்களுக்குக் கூடார வண்டியிற் சென்று, மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியடியிலே சமைத்துண்டு தங்கியதை இது நமக்கு நினைவூட்டியது.

ட்ரெயிலர் எளிய பொருளென்று எவரும் எண்ணிவிடலாகாது. அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்புறக் கொளுவியின்மேல் பொறுத்திருத்தல் வேண்டும். பாரம் பின்புறம் மிகுந்தால் வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். பின்னோக்கிச் செலுத்தும்போது ட்ரெயிலரின் பின்புறம் வலப்பக்கம் செல்ல வேண்டுமாயின், ஸ்டியறிங்கை முதலில் இடப்பக்கம் திருப்ப வேண்டும். காரின் இழுவை வலுவையும் பிறேக்கின் தகைமையையும் முன்னரே ஆராய்தல் அவசியம். ஓடும்போது ட்ரெயிலரினுள் மனிதர் இருப்பதைப் பல மாநிலங்களின் சட்டம் தடுக்கின்றது. ஆதலால் மூதாட்டி வழி முழுவதும் காரிலேயே அமர்ந்து வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாறினோம்.

நாள்தோறும் புதியதோர் ஊரில் இரவைக் கழிக்க விரும்புவோர்க்கு மோட்டார் ஹோமே உகந்தது. கொளுவுதலும் கழற்றுதலும் அதில் இல்லை; வந்து நிறுத்தியதும் அடுப்பை மூட்டலாம். ஆயினும் விலைகொடுத்து வாங்குவோர், ஆண்டில் சில வாரமே ஓடும் இன்னோர் எஞ்சினையும் பேணிக் காக்க வேண்டியிருக்கும் என்பதை மறத்தலாகாது. 21 அடிக்கு உட்பட்ட சிறு வான் வீடுகளும் உண்டு; அவை மலை வீதியிலும் ஏறும். ஆனால் ஐவருக்கு அவற்றில் இடம் போதாது.

செயின்ட் மேரி ஏரிக்கரை முகாமில் ட்ரெயிலரை நிறுத்திய மறுநாட் காலையில், ஏறக்குறைய 18 மைல் தூரம் காரில் ஏறிக் கணவாயை அடைந்தோம். யூலை மாதமாயினும் ஆங்காங்கே பனித்திட்டுகள் கிடந்தன. அவற்றின் ஓரத்தே மஞ்சள் நிறப் பூக்கள் தலைகாட்டின; பாறைமேல் வெண்ணிற மலையாடுகள் நின்றன. பேரனின் கையைப் பற்றியவாறு மூதாட்டி பனியைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

வண்டியைத் தெரிவோர் மெத்தையையும் அடுப்பையும் ஒப்புநோக்குவதற்கு முன்னர், தாம் செல்லும் வீதியின் விதிகளை அறிந்துகொள்க. எத்தனை நாள் ஓரிடத்தில் தங்குவோம், வீட்டிலுள்ள முதியவர் எதனைக் காண விரும்புகின்றார் என்பவற்றையும் கேட்டறிக. அதன்பின் தெரிவு தானே தெளிவாகும்.