கும்பகோணத்து முன்சீபுக்கு ஒரு நன்றி மடல்

சேலம் இராமசாமி முதலியார் அவர்களுக்கு,

உ.வே.சாமிநாதையருக்கு நாங்கள் சிலை வைத்தோம். பாடப்புத்தகத்தில் பாடம் வைத்தோம். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பிக்கும் வேலைக்கு அவரைத் திருப்பிவிட்ட உங்களுக்குத் தனியாக நன்றி சொன்னவர்கள் குறைவு. அவர் தம் சரித்திரத்தில் உங்களைப் பற்றி மனமுருகி எழுதியிருக்கிறார். நாங்கள்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

நான் பழங்காலத்துக்கு ஏங்கும் ஆள். வண்டி நெரிசலில் சிக்கி நிற்கும்போது மனம் காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போய்விடும். அலுவலகக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனால், பறம்பு மலையில் கபிலரும் பாரியும் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். (உங்கள் காலமே எனக்குப் பழங்காலம்தான். உங்களுக்கோ அது ரயிலும் தந்தியும் புகுந்துவிட்ட புதுக்காலம்.) ஏங்குவதற்கு எனக்கு இப்படியொரு காலம் வாய்த்ததே, 1880 அக்டோபர் 21 அன்று நீங்கள் கேட்ட கேள்வியால்தான்.

அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்திருந்தீர்கள். கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர் சாமிநாதையர் உங்களைப் பார்க்க வந்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தீர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். உங்கள் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பயன் என்றுகூடக் கேட்டுவிட்டீர்கள். பிறகு வந்தது அந்தக் கேள்வி: சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? அவர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மடத்தில் வளர்ந்த அந்தப் புலவருக்குப் பழமை என்று தனியாக ஒன்று இல்லை. அவர் அதற்குள்ளேயே இருந்தார். நேற்றின் தொடர்ச்சியாகவே இன்று நடந்துகொண்டிருந்தது. ஏதோ கைநழுவிப் போயிருக்கிறது என்று உறுத்தியது ஆங்கிலம் படித்து, கச்சேரியில் பிரிட்டிஷ் சட்டத்தின்படி தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த உங்களுக்குத்தான். வெள்ளைக்காரப் படிப்பு ஆளை வேரறுத்துவிடும் என்று சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது வேரைத் தேட வைத்திருக்கிறது. சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் போவர் என்னும் ஒரு பாதிரியார்தானே!

கேள்வி கேட்டதோடு நீங்கள் நின்றுவிடவில்லை. உங்களிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, படித்துப் பாடம் சொல்லச் சொன்னீர்கள். நூலோ சமணக் காப்பியம். சைவ மடத்தில் படித்தவருக்குப் பல இடங்கள் பிடிபடவில்லை. விளக்கம் தேடி அவர் கும்பகோணத்துச் சமணர் வீடு ஒன்றுக்குப் போனார். அங்கே வாசலில் மாக்கோலமும் தோரணமும் கண்டு என்ன விசேஷம் என்று கேட்க, சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறோம் என்றார்களாம்! தமிழ் வித்துவான்களே மறந்துபோன காப்பியத்துக்கு அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில், வழிபாடு நடந்துகொண்டிருந்திருக்கிறது. நீங்கள் கேட்டிராவிட்டால் அந்தக் கோலத்தை அவர் கடந்து போயிருப்பார்.

அதன்பின் நடந்தது ஊரறிந்த கதை. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையும் கலித்தொகையை 1887-இல்தான் பதிப்பித்தார். ஏடுகள் அச்சுக்கூடத்துக்கு வந்தன, ரயில் ஏறின, தபாலில் போயின. நாங்கள் சலித்துக்கொள்ளும் நவீனம்தான் நாங்கள் ஏங்கும் பழமையைச் சுமந்து வந்து கொடுத்தது. எனக்கு அது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. புறநானூறு முழுதும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதே கைப்பேசியைத்தான் நாள் முழுக்கத் திட்டுகிறேன்.

உங்களுக்கு இந்த முரண்பாடு இருந்ததாகவே தெரியவில்லை. 1885-இல் சந்தாவர்க்கருடனும் மன்மோகன் கோஷுடனும் கப்பலேறி, இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து வாக்காளர்களிடமே சொல்லப் போனீர்கள். அந்தப் பயணத்துக்கும் சிந்தாமணிக்கும் ஒரே மனத்தில் இடமிருந்திருக்கிறது. பொறாமையாக இருக்கிறது, ஐயா.

1892-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் போய்விட்டீர்கள். புறநானூறு அச்சில் வந்தது 1894-இல். அதை உங்கள் கையில் கொடுத்திருந்தால் அடுத்து எந்த நூலைக் கேட்டிருப்பீர்களோ! குறுந்தொகையை ஐயர் பதிப்பித்து முடிக்க 1937 ஆகிவிட்டது.

உங்களிடமிருந்து ஒரு கெட்ட பழக்கம் எனக்குத் தொற்றியிருக்கிறது. சங்க காலத்திலேயே பிறந்திருக்கலாம் என்று யாராவது பெருமூச்சு விட்டால், சங்கப் பாட்டு எது படித்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒருவர் மட்டும் மறுவாரம் வந்து, உரையோடு கூடிய பதிப்பு இரவல் கிடைக்குமா என்றார். கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை.


உங்கள் கேள்வியால் பயன்பெற்ற வாசகன்