பாட்டரிக்கு ஏற்ற இடம்

ஆம்பூர் டேனரிகளில் செம்பு சீக்கிரம் கறுத்துப்போகும். ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்பும் வாயு, பேனல் கதவின் இடுக்கில் நுழைந்து கான்டாக்டரின் வெள்ளி முனைவரை கறுப்பேற்றிவிடும். இதே காற்றில்தான் கன்ட்ரோல் பேனலுக்கான பாட்டரி செல்களையும் நாங்கள் பராமரிக்கிறோம். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சி, மிதவை 1.250 பக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் பூத்த உப்பைச் சுரண்டிவிட்டு வாசலின் தடவ வேண்டும். இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

அதனால், ஒவ்வொரு கம்பெனியும் பெரிய பாட்டரி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது சப்-ஸ்டேஷனில் இருக்க வேண்டிய பொருள்.

2012 மின்வெட்டில் இந்த வட்டாரமே டீசலை எரித்துத்தான் பிழைத்தது. குரோம் டிரம் பாதி ஓட்டத்தில் நின்று, ஜெனரேட்டர் பிடிக்கத் தாமதமானால் தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். குரோம் சீராக ஏறாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிலைமை இன்னும் மோசம். காற்றூதி நெடுநேரம் நின்றால், தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிராணவாயு இல்லாமல் செத்துப்போகும். 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பாலாற்றங்கரையில் டேனரி நடக்க வேண்டுமானால் அந்தத் தொட்டி உயிரோடு இருந்தாக வேண்டும்.

இன்றைய சிக்கல் வேறு. பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது; பொழுது சாய்ந்ததும், தேவை ஏறுகிற நேரம் பார்த்து, அது நின்றுவிடுகிறது. உயரழுத்த இணைப்புக்காரர்கள் உச்ச நேர மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறோம். பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேர்த்துவைக்க, காடம்பாறையில் இருப்பதைப் போன்ற 400 மெகாவாட் நீரேற்று நிலையத்துக்கு மலையும் இரண்டு நீர்த்தேக்கமும் வேண்டும். பாட்டரிக்குச் சமதளம் போதும். வேகத்திலும் அதற்கு ஈடில்லை. எங்கோ ஒரு பெரிய அனல் யூனிட் டிரிப் ஆனால், மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸ் சரியத் தொடங்கும். கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் தள்ளி அதைத் தாங்கிப் பிடிக்கப் பாட்டரியால் முடியும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-ல் அமைத்த 100 மெகாவாட் பாட்டரி இதைச் செய்துகாட்டியது. தில்லி ரோகிணியில் 2019-லேயே 10 மெகாவாட் வந்துவிட்டது.

தமிழகத்தில் பாட்டரிகளுக்கு இடம் பார்க்கும்போது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மின்சாரம் தரும் சப்-ஸ்டேஷன்களை முதல் வரிசையில் வைக்க வேண்டும். டேனரிக் காற்று படாத பக்கமாகக் கன்டெய்னரை நிறுத்த வேண்டும். செம்புப் பட்டைகளுக்கு வெள்ளீயப் பூச்சும், காற்று நுழையும் வழியில் சல்பைடைப் பிடிக்கும் கரி வடிகட்டியும் தேவை என்பதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.