திண்ணைக்கு வரும் பிரஷர் மிஷின்

தென்காசி மாவட்டம் ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காலை பத்து மணிக்குத் தெருவில் நடந்தால் பேச்சோடு சேர்ந்து கத்தரிச் சத்தமும் கேட்கும். திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். நனைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூளை நிரவி, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிப் போட ஒரு பீடிக்குச் சில விநாடிகள்தான். ஆயிரத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் ஒருவருடன் அப்படி ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் அது. தன்னார்வலர் இதே ஊர்க்காரர். அதனால் எந்த வீட்டிலும் யாரும் தயங்கவில்லை. தோள்பையில் பிரஷர் மிஷின், சுகர் பார்க்கும் கருவி, மாத்திரைப் பட்டைகள், ஒரு நோட்டு.

முதல் வீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தன்னார்வலர் முதலில் செய்த காரியம், அவர் மடியிலிருந்த சுளவைத் தூக்கிக் கீழே வைத்ததுதான். "அஞ்சு நிமிசம் சும்மா இருங்க மைனி. பேசாதீய." சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். ஜாக்கெட் கையை மேலே ஏற்றி, வெறுந்தோலில் பட்டையைச் சுற்றி, முழங்கைக்கு அடியில் தலையணையை மடித்து வைத்து, நெஞ்சு உயரத்துக்குக் கையைக் கொண்டுவந்தார். கை கீழே தொங்கினாலும், இடையில் பேசினாலும் அளவு கூடிக் காட்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட இத்தனை பொறுமையாகப் பார்ப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

158-க்கு 96. 140-க்கு 90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

"மாத்திரை போடுதியளா?"

"போன மாசம் பாத்துட்டு சரியா இருக்குன்னியள்லா, அதான் நிறுத்திட்டேன்."

"மாத்திரை போட்டதாலதான மைனி சரியா இருந்துச்சு!"

இதே பதிலை அந்தத் தெருவில் வேறு திண்ணைகளிலும் கேட்டேன். கால் வீங்குகிறது என்று நிறுத்தியவர் ஒருவர். அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு அப்படி வரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்வதற்குப் போக வேண்டுமே! போனால் ஒரு நாள் பீடி போச்சு.

கட்டுப்படாத பிரஷர் கொண்டுவரும் நெஞ்சடைப்பு ஆம்பளைகளுக்கு வருவது என்ற நினைப்பு இங்கே பலமாக இருக்கிறது. 2019-ல் உலகெங்கும் இறந்த பெண்களில் 35 சதவீதம் பேரைக் கொண்டுபோனது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டு பிந்திப் பெண்களுக்கு முதல் மாரடைப்பு வருகிறது. அந்தத் தாமதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அந்த ஒன்பது ஆண்டைச் சொன்னது 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு. பெண்களின் மாரடைப்பு ஆபத்தில் 94 சதவீதத்துக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனிக் குறைவு, உடலசைவின்மை, மது என்ற ஒன்பதோடு தொடர்பு உண்டு என்றும் அது சொன்னது. ஒன்பதுமே அளந்து பார்க்கவோ மாற்றவோ கூடியவை.

மாற்றக்கூடியவை என்று எழுதுவது சுலபம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. மத்தியானச் சாப்பாடு பழைய கஞ்சியும் மோர்மிளகாயும். கஞ்சியிலும் உப்பு, மிளகாயிலும் உப்பு, ராத்திரிக் கருவாட்டிலும் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புகையிலைத் தூசி மூக்கிலும் தோலிலும் ஏறுகிறது. ஒரு பீடிகூடக் குடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும் பெண்களின் உடலிலும் நிக்கோட்டின் சேர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவர்களிடம் போய் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூலி பீடிக் கணக்கில் இருக்கும்வரை நடக்கும் நேரத்துக்கு விலை உண்டு. தன்னார்வலர் வேறு மாதிரி சொன்னார்: "இலை நனைக்க, தண்ணி குடிக்க, எதுக்காவது அரை மணிக்கொருக்க எந்திச்சிருங்க. ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒருசேர வேண்டாம்."

துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தேன். ஊரில் நடந்த பிரசவங்களெல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. யார் யாருக்குக் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியது, யாருக்குச் சர்க்கரை வந்தது என்று வீடு வீடாகச் சொன்னார். "அந்தப் பிள்ளைகளத்தான் நான் முதல்ல பாக்கச் சொல்லுவேன். பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிரும், அவங்களும் மறந்திருவாக." கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வலிப்பு நிலையின் விளிம்புக்குப் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களும் அதே வரிசையில்தான். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் தமிழகத்தில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவைப் பிரசவத்தோடு மூடி வைக்காமல் நாற்பது வயதிலும் ஐம்பதிலும் எடுத்துப் பார்ப்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது. இதயத்துக்காக எந்தப் பெண்ணைப் பரிசோதித்தாலும் அவளது பிரசவங்களைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்பேன்.

செவிலியரின் மேசையில் சிறு பொட்டலம் ஒன்று இருந்தது. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின் மாத்திரைகள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மொத்தம் 14. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே டாக்டரின் சொற்படி கொடுப்பதற்கு. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கியமான அறிகுறி. ஆனால் அதோடு மூச்சுமுட்டல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று பலதும் கலந்து வரும். வாயு என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அதிலேயே கழிந்துவிடுகிறது.

திரும்பும்போது செவிலியர் சொன்ன வீடுகளில் ஒன்றுக்குப் போனோம். முப்பத்தாறு வயது, இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறியவர். அன்றைய அளவு 146-க்கு 94. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஈசிஜி எடுக்க வேண்டும் என்றதும் அவர் பார்வை சுளவுக்குப் போனது. "திங்கக்கெழம பீடி குடுக்கணுமே."

உள்ளேயிருந்து மாமியார் வெளியே வந்தார். "இந்தா, மிச்சத்த நான் சுத்துதேன். நீ காலைல மொத பஸ்ஸுக்குப் போயிரு."

தன்னார்வலர் நோட்டில் திங்கள் என்று குறித்துக்கொண்டு, முடிவு எப்படி இருந்தாலும் செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.